சேர்ந்தவரைக் கைவிடாத கல்விக்கூடம்: புக்கர் டி. வாஷிங்டன்

கல்லூரியொன்றின் பெருமையைச் சேர்க்கைப் பதிவேட்டின் பருமனைக் கொண்டு அளப்போர் பலர். சேர்ந்தவருள் எத்தனை பேர் இறுதிவரை நிலைத்தனர், கற்றபின் எவ்வாறு வாழ்ந்தனர் என்று வினவுவோர் சிலரே. அவ்விரு வினாக்களுக்கும் தம் வாழ்வையே விடையாக்கியவர், அமெரிக்கக் கறுப்பின மக்களின் கல்வித் தலைவர் புக்கர் டி. வாஷிங்டன்.

அவர் 1856ஆம் ஆண்டு வர்ஜீனியா மாநிலத்தில் அடிமைத் தாயொருத்தியின் மகனாகப் பிறந்தார். 1865இல் விடுதலை வந்தது, வறுமை விலகவில்லை. உப்புக் காய்ச்சும் உலையிலும் நிலக்கரிச் சுரங்கத்திலும் உழைத்தவாறே எழுத்தறிந்தார். 1872இல், ஏறத்தாழ 500 மைல் தொலைவிலிருந்த ஹாம்ப்டன் கல்வி நிலையத்தை நடந்தும், கிடைத்த வண்டிகளில் ஏறியும் சென்றடைந்தார். தலைமையாசிரியை அவரை ஓர் அறையைப் பெருக்கப் பணித்தார். அதுவே நுழைவுத் தேர்வாயிற்று. பொருளற்ற அவருக்கு அந்நிலையம் துப்புரவுப் பணி தந்து உணவுச் செலவை ஈடுசெய்தது. அப்பணி கிட்டாதிருப்பின் அவர் கல்வி இடையிலேயே முறிந்திருக்கும். இவ்வுண்மையை அவர் என்றும் மறந்திலர்.

1881 ஜூலை 4ஆம் நாள், அலபாமா மாநிலத்து டஸ்கீகியில் 30 மாணவர்களுடன் தம் கல்விக்கூடத்தைத் தொடங்கினார். அரசு அளித்த ஆண்டுக்கு 2,000 டாலர் ஆசிரியர் ஊதியத்திற்கு மட்டுமே உரியது. கட்டடம் வேண்டுமெனில் மாணவரே செங்கல் அறுக்க வேண்டிய நிலை. மூன்று சூளைகள் அடுத்தடுத்துப் பாழாயின. தம் கடிகாரத்தை 15 டாலருக்கு அடகு வைத்து நான்காம் சூளையிட்டார். அது பழுதின்றி வெந்தது. கடிகாரமோ மீட்கப்படாமலே போயிற்று. நூற்கல்விக்கு அனுப்பிய பிள்ளைகளைக் கூலி வேலையில் இறக்குவதாகப் பெற்றோர் சிலர் சினந்தனர். அவர் பின்வாங்கவில்லை.

சிறிதும் பொருளற்ற மாணவருக்கென இரவுப் பள்ளியை நிறுவினார். பகலில் பத்து மணி நேரம் தொழில். இரவில் இரண்டு மணி நேரம் பாடம். உணவுச் செலவுக்கு மேற்பட்ட ஊதியத்தில் பெரும்பகுதி நிலையத்தின் கருவூலத்தில் சேர்ந்து, பின்னர் அம்மாணவர் பகற்பள்ளியில் பயிலும்போது உதவிற்று. ஏறத்தாழ பன்னிரண்டு பேருடன் தொடங்கிய அப்பள்ளி சில நூற்றுவராய் வளர்ந்தது. வறுமை காரணமாக விலகியிருக்க வேண்டியவர்கள் இவ்வழியே நிலைபெற்றனர்.

அங்குக் கற்றவர்கள் ஆசிரியராகவும் கைவினைஞராகவும் உழவராகவும் தென்மாநிலங்களெங்கும் பரவினர். வில்லியம் எட்வர்ட்ஸ் அலபாமாவில் ஸ்னோ ஹில் பள்ளியையும், வில்லியம் ஹோல்ட்ஸ்கிளா மிசிசிப்பியில் யூட்டிக்கா பள்ளியையும் நிறுவினர். ஒரு விளக்கு பல விளக்குகளை ஏற்றியது எனலாம்.

தொழிற்கல்வியை முதன்மைப்படுத்தியது உயர்கல்வியையும் குடியுரிமைப் போராட்டத்தையும் பின்தள்ளியதென 1903இல் அறிஞர் டு பாய்ஸ் வன்மையாக மறுத்துரைத்தார். அம்மறுப்பைப் புறந்தள்ளுவது நேர்மையாகாது. கைத்திறன் வயிற்றைக் காக்கும்; உரிமையன்றோ மானத்தைக் காக்கும்! எனினும், வாயில்வரை வந்த ஏழையைத் திருப்பியனுப்பாத அவர்தம் கல்விநெறி, கருத்து வேறுபாடுகளைக் கடந்து நிற்பது.

1915 நவம்பர் 14ஆம் நாள் அவர் மறைந்தபோது டஸ்கீகியில் நூற்றுக்கு மேற்பட்ட கட்டடங்களும் ஏறத்தாழ 1,500 மாணவரும் இருந்தனர். மாணவச் செல்வங்களே, அருகிலமர்ந்து பயிலும் தோழன் ஒருநாள் வாராதிருப்பின் காரணம் கேளுங்கள். சேர்த்த மாணவரைக் கரைசேர்க்கும் கடமை ஆசிரியர்க்கும் நிருவாகத்தார்க்கும் மட்டுமன்றி, உடன் பயில்வோர்க்கும் உரியதே.