பனிக்குடுவையில் சென்ற பார்வை

மனிதர் இறந்த அக்கணமே அவர்தம் கருவிழிப் படலம் இறந்துவிடுவதில்லை. குருதிக் குழாய்கள் இல்லாத அம்மெல்லிய திசு, தனக்கு வேண்டிய உயிர்வளியைப் பெரிதும் காற்றிலிருந்தே பெறுகிறது. எனவே, சில மணி நேரம் அது பிறருக்குப் பயன்படும் நிலையிலேயே இருக்கும். குறுகிய அக்கால எல்லையோடு போராடி, கடல் கடந்த நாடுகளுக்கும் ஒளி வழங்கியவர் இலங்கை மருத்துவர் ஹட்சன் சில்வா.

அவர் பிறந்த ஆண்டு 1929. அவர் மருத்துவம் பயின்ற காலத்தில் கருவிழி மாற்று அறுவை புதியதன்று. 1905ஆம் ஆண்டிலேயே எடுவார்டு சிர்ம் என்னும் மருத்துவர் அதில் வெற்றி கண்டிருந்தார். இறந்தோரின் கருவிழியைக் குளிர்நிலையில் பாதுகாத்துப் பொருத்தலாம் என்பதை ஒடெசா நகர மருத்துவர் பிலாத்தோவ் 1930களில் மெய்ப்பித்தார். சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனையில் 1945இல் கண் வங்கி தோன்றியது. 1948இல் மருத்துவர் முத்தையா கருவிழி மாற்று அறுவையைச் செய்தார். முறை இருந்தது, கண்கள்தாம் கிடைக்கவில்லை.

இலங்கையில் அந்நாளில் பெரும்பாலும் தூக்கிலிடப்பட்டோரின் கண்களே கிடைத்தன. 1956இல் மரண தண்டனை தற்காலிகமாக நிறுத்தப்பட்டபோது அவ்வழியும் அடைபட்டது. ஓர் உயிரின் அழிவை எதிர்நோக்கி மற்றோர் உயிரின் பார்வை காத்திருக்கும் நிலையை மாணவராயிருந்த சில்வா ஏற்கவில்லை. மக்கள் தாமே முன்வந்து வழங்கவேண்டும் என்று 1958இல் நாளிதழில் கட்டுரை எழுதினார். சிபி மன்னன் தன் கண்களையே ஈந்த சாதகக் கதை அந்நாட்டார் அறிந்ததே. புறாவுக்காகத் தன் தசையை அரிந்த சிபியையும், கண்ணை அகழ்ந்து அப்பிய கண்ணப்பரையும் போற்றும் நமக்கும் அவ்வுணர்வு அயலன்று.

ஊருக்கு உரைத்ததைத் தம் இல்லத்தில் செய்துகாட்ட வேண்டிய நாளும் வந்தது. 1960இல் அவருடைய தாயார் மறைந்தார். துயரின் நடுவிலும் அத்தாயின் கருவிழிகளை ஏழை உழவர் ஒருவருக்குப் பார்வையளிக்கச் செய்தார். மறு ஆண்டு கண் கொடைச் சங்கம் உருவாயிற்று.

கொடை பெருகியது, பாதுகாக்க இடமில்லை. சில்வாவும் அவர் துணைவியாரும் கண்களைத் தம் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துக் காத்தனர். குளிர் ஏன் தேவை? படலத்தின் உட்புறத்தில் ஒற்றை அடுக்காக அமைந்த உயிரணுக்களே நீரை வெளியேற்றி அதனைத் தெளிவாக வைத்திருக்கின்றன. அழிந்தால் அவை மீண்டும் பெருகுவதில்லை. ஏறத்தாழ 4 பாகை செல்சியஸ் குளிர், அவற்றின் இயக்கத்தைக் குறைத்து அழிவைத் தள்ளிப்போடும். உறையவிட்டாலோ அவை சிதைந்துவிடும்.

1964இல், பனிக்கட்டி நிரப்பிய சாதாரணத் தேநீர்க் குடுவையில் இலங்கைக் கண்கள் சிங்கப்பூர் சென்றன. பின்னாளில் ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் அக்கொடையால் பயன்பெற்றன. 1974இல் அறிமுகமான மெக்கேரி – காஃப்மன் பாதுகாப்புக் கரைசல், படலத்தை நான்கு நாள்கள் வரை காக்க வழிசெய்தது. உரிய திசு கிடைக்காத நெருக்கடியில், கிளிசரினில் பதப்படுத்திய படலம் கிழிந்த கண்ணை மூடிக் காக்க உதவுகிறது. எனினும் அதன் உயிரணுக்கள் இறந்துவிடுவதால் தெளிந்த பார்வையைத் தருவது அரிது.

1999இல் சில்வா மறைந்தார். அறிவியல் நாள்களை நீட்டித்துத் தந்தபோதிலும் முதல் ஆறு மணி நேரம் இன்றும் உறவினர் கையிலேயே உள்ளது. செங்கல்பட்டு நகரத்து வீடாயினும், மாமல்லபுரக் கரையின் மீனவர் குடிலாயினும், இறந்தவரின் இமைகளை மூடி, அவற்றின்மேல் ஈரத்துணியிட்டு, மின்விசிறியை நிறுத்தி, கண் வங்கிக்கு உடனே தெரிவித்தல் வேண்டும். அழுகையின் இடையே ஒருவர் எழுந்து அதனைச் செய்தால்தான், குளிர்ந்த குடுவைக்குப் பணி உண்டு.