ஆலிஸ் ஹாமில்டன்: தொழில் நோய்க்கு மருத்துவச் சான்று தேடியவர்

வேலையில் காயமுற்ற அல்லது வேலையால் நோயுற்ற ஒருவர் இழப்பீடு கோரும்போது, அக்கோரிக்கையின் முடிவு பெரும்பாலும் மருத்துவர் எழுதும் மதிப்பீட்டு அறிக்கையைப் பொறுத்தே அமைகிறது. முடிவெடுக்கும் அலுவலர் தொழிலாளியின் உடலைப் பரிசோதிப்பதில்லை. தாளில் எழுதப்பட்டுள்ளதை மட்டுமே அவர் காண்கிறார். அத்தாளில் நோயின் பெயர் மட்டும் இருந்து, அந்நோய்க்கும் செய்த வேலைக்கும் உள்ள தொடர்பு இல்லாமற்போனால், உண்மையாகவே பாதிக்கப்பட்டவரும் வெறுங்கையுடன் திரும்ப நேரிடும். இத்தொடர்பை எவ்வாறு கண்டறிந்து எழுத வேண்டும் என்பதை ஆலிஸ் ஹாமில்டன் என்னும் அமெரிக்க மருத்துவரின் வாழ்க்கையிலிருந்து நீங்கள் அறிந்துகொள்ளலாம்.

அவர் 1869 பிப்ரவரி 27 அன்று நியூயார்க்கில் பிறந்து, இந்தியானா மாநிலத்தின் ஃபோர்ட் வெய்ன் நகரில் வளர்ந்தார். 1893-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். பின்னர் ஜெர்மனியில் நுண்ணுயிரியலும் நோய்க்குறியியலும் பயின்றார். 1897-இல் சிகாகோவில் நோய்க்குறியியல் பேராசிரியராகப் பணியேற்றபோது, ஏழைத் தொழிலாளர் குடியிருப்பின் நடுவே இயங்கிய ஹல் ஹவுஸ் என்னும் சமூகப் பணி இல்லத்தில் தங்கினார். புலம்பெயர்ந்து வந்த இத்தாலியர், போலந்துக்காரர், கிரேக்கர் எனப் பலர் அவருக்கு அண்டை வீட்டாராயினர். எஃகு ஆலைகளிலிருந்தும் வண்ணப்பூச்சுப் பட்டறைகளிலிருந்தும் வீடு திரும்பிய அவர்களின் வயிற்று வலியையும் கை வாதத்தையும் அவர் நாள்தோறும் கண்டார்.

இங்கே ஒரு நிகழ்வைக் குறிப்பிடுதல் தகும். 1902-இல் சிகாகோவில் டைபாய்டு பரவியபோது, திறந்த கழிப்பிடங்களில் மொய்த்த ஈக்களே அதற்குக் காரணம் என ஆலிஸ் ஹாமில்டன் ஆய்வு செய்து வெளியிட்டார். அக்கட்டுரை பெரும் பாராட்டைப் பெற்றது. ஆனால் குடிநீரில் கழிவுநீர் கலந்ததே உண்மைக் காரணம் எனப் பின்னர் தெரியவந்தது. அவர் இதனை மறைக்கவில்லை. தம் வாழ்க்கை வரலாற்று நூலிலும் வெளிப்படையாக எழுதினார். ஒரு நோய்க்கு இதுவே காரணம் என்று கூறுவது எவ்வளவு எளிது, அதனை நிறுவுவது எவ்வளவு அரிது என்பதை அவர் தொழில் நோய்களிடம் வருவதற்கு முன்பே கற்றிருந்தார் எனலாம்.

இல்லினாய் மாநில அரசு தொழில் நோய்களை ஆராய ஓர் ஆணையத்தை அமைத்தது. 1910-இல் அதன் மருத்துவ ஆய்வை நடத்தும் பொறுப்பு ஆலிஸ் ஹாமில்டனிடம் ஒப்படைக்கப்பட்டது. இளம் மருத்துவர்கள், மருத்துவ மாணவர்கள், சமூகப் பணியாளர்கள் என ஏறத்தாழ இருபது பேர் அவருக்கு உதவினர். அவர் தமக்கெனத் தேர்ந்துகொண்ட நஞ்சு ஈயம். ஈயத்தைக் கையாளும் தொழிற்சாலைகளின் பட்டியல்கூட அப்போது எவரிடமும் இல்லை. எனவே அவர் மருத்துவமனைப் பதிவேடுகளிலிருந்து தொடங்கினார்.

அப்பதிவேடுகள் அவருக்கு வியப்பளித்தன. ஈய நச்சால் படுத்திருந்த நோயாளி நாளொன்றுக்கு எவ்வளவு புகையிலை, மது, காபி உட்கொண்டார் என்பது அவற்றில் கவனமாக எழுதப்பட்டிருந்தது. ஈயம் எங்கிருந்து அவர் உடலுக்குள் வந்தது என்பதை மட்டும் எழுதியவர்கள் கேட்கவில்லை. நோய் சரியாகக் கண்டறியப்பட்டிருந்தது. அதன் பிறப்பிடம் விடுபட்டிருந்தது. நூறாண்டு கடந்த பின்னும் இந்நிலை முற்றிலும் மாறிவிட்டதாகக் கூற இயலாது. தொழில் என்னும் இடத்தில் ‘கூலி வேலை’ என்ற இரு சொற்களோடு முடிந்துவிடும் அறிக்கைகளை அரசு மருத்துவர்கள் இன்றும் காண்கிறோம்.

அப்பதிவேடுகளுள் ஒன்று அவரை நெடிய தேடலுக்கு இட்டுச் சென்றது. அலெக்சியன் சகோதரர்கள் மருத்துவமனையில் போலந்துத் தொழிலாளி ஒருவர் கடும் வயிற்று வலியுடன் அனுமதிக்கப்பட்டிருந்தார். அவருடைய இரு மணிக்கட்டுகளும் தொங்கிப் போயிருந்தன. கையை மேல்நோக்கி உயர்த்தும் தசைகளின் நரம்புகளை ஈயம் தாக்குவதால் ஏற்படும் வாதம் அது. குளியல் தொட்டிகளுக்கு எனாமல் பூசும் வேலை செய்ததாக அவர் கூறியிருந்தார். அத்தொழிலில் ஈயம் உண்டென்று ஆலிஸ் ஹாமில்டன் படித்த ஆங்கில, ஜெர்மானிய நூல்கள் எவையும் கூறவில்லை. மறுநாளே அவர் அந்நிறுவனத்திற்குச் சென்றார். ஈயமே பயன்படுத்துவதில்லை எனக் கூறிய நிர்வாகத்தினர், வேலைக்கூடத்தைச் சுற்றிப் பார்க்கவும் இசைந்தனர். அங்கே சில தொழிலாளர்கள் தொட்டிகளுக்கு வண்ணம் பூசிக்கொண்டிருந்தனர். அவ்வண்ணத்தைத் தயாரித்த ஆலைக்கும் சென்று விசாரித்தார். அதிலும் ஈயம் இல்லை.

அத்துடன் அவர் கோப்பை மூடியிருக்கலாம். தொழிற்சாலையைப் பார்த்தாயிற்று, பொருளையும் ஆராய்ந்தாயிற்று, ஈயம் இல்லை என எழுதியிருந்தால் எவரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். அவ்வாறு செய்யாமல், அத்தொழிலாளியின் வீட்டைத் தேடிச் சென்று அவரிடமே கேட்டார். தாம் பார்த்தது எனாமல் பூசும் ஆலையே அன்று, இறுதி மெருகு மட்டும் செய்யும் கிளை என்பது அப்போதுதான் தெரிந்தது. உண்மையான எனாமல் கூடம் நகரின் வடமேற்குக் கோடியில் இருந்தது. அங்கே பழுக்கக் காய்ச்சிய தொட்டியின்மீது எனாமல் தூளைத் தூவினர். அது உருகிப் பரவிப் பூச்சாயிற்று. கூடமெங்கும் தூசி படலமாக நின்றது. அத்தூளை ஆய்வு செய்தபோது கரையக்கூடிய ஈயம் 20 விழுக்காடு வரை இருந்தது.

இந்நிகழ்விலிருந்து நீங்கள் அறிய வேண்டுவது ஒன்றுண்டு. நிறுவனத்தின் பெயரும் பதவியின் பெயரும் வேலையை விளக்குவதில்லை. ஒரே பெயர் கொண்ட வேலையை இருவர் இருவேறு கூடங்களில், இருவேறு பொருள்களைக் கொண்டு செய்யலாம். எனவே மருத்துவப் பரிசோதனைக்குச் செல்லும்போது, உங்கள் கைகள் நாள் முழுவதும் என்ன செய்கின்றன, எந்தப் பொருளைத் தொடுகின்றன, எந்தக் கருவியைப் பிடிக்கின்றன, தூசியோ புகையோ எழுகிறதா, எத்தனை ஆண்டுகளாக அவ்வேலையில் இருக்கிறீர்கள் என்பவற்றை மருத்துவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். முன்பு செய்த வேலைகளையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவை அறிக்கையில் இடம்பெற வேண்டும் எனக் கேட்க உங்களுக்குத் தயக்கம் வேண்டியதில்லை. காயமாயின் அது நேர்ந்த நாள், நேரம், விழுந்த விதம், உடனே தோன்றிய அறிகுறி ஆகியவையும் இவ்வாறே முக்கியமானவை.

இல்லினாய் ஆய்வின் முடிவில் ஈய நச்சு ஏற்படக்கூடிய 77 தொழில்முறைகளும், ஈய நச்சுக்குள்ளான 578 பேரும் பதிவாயினர். ஐயத்திற்கிடமான தொழிலாளர்களும் இருந்தனர். ஆயினும் ஐயத்திற்கு இடமுள்ளவற்றை உறுதியானவற்றோடு சேர்க்க அவர் ஒருபோதும் இசையவில்லை. ஆய்வக வசதியின்றித் தொழிலாளர்களைப் பரிசோதிக்க நேர்ந்த இடங்களில், ஈறுகளின் ஓரத்தில் ஈயத்தால் தோன்றும் கருநீலக் கோடு தெளிவாகத் தெரிந்தாலன்றி உறுதியான நோயாளி என எண்ணிக்கையில் சேர்க்கவில்லை. தொழிலாளர்பால் பரிவு மிக்க ஒருவர் இவ்வளவு கறாராக இருந்தது முரணாகத் தோன்றலாம். வலுவற்ற ஒரு சான்று அகப்பட்டால் எதிர்த்தரப்பினர் அதைக் காட்டியே மற்ற அனைத்தையும் தள்ளிவிடுவர். இழப்பீட்டு அறிக்கைக்கும் இது பொருந்தும். மிகைப்படுத்தி எழுதப்பட்ட ஊனம் தொழிலாளிக்கு உதவுவதாகத் தோன்றும். மறு பரிசோதனையில் அது குறைந்து காணப்பட்டால், உண்மையான பகுதியும் நம்பிக்கையை இழக்கும்.

கறாரான சான்றின் பயனை நேஷனல் லெட் நிறுவனத்தில் காணலாம். அதன் உயர் அதிகாரி எட்வர்ட் கோர்னிஷிடம், அவருடைய ஆலையில் தொழிலாளர்கள் நஞ்சை மூச்சில் ஏற்கின்றனர் என்று ஆலிஸ் ஹாமில்டன் நேரில் கூறினார். அவர் சினமும் திகைப்பும் அடைந்தார். அருகே சென்ற தொழிலாளி ஒருவரை அழைத்து, ஈயத்தால் நோயுற்றதுண்டா என்று கேட்டார். முதலாளியின் முன்னே நின்றவர் அஞ்சி, இல்லவே இல்லை என்றார். (வேலை போய்விடுமோ என்ற அச்சத்தில் இருப்பவரிடம் மேலாளரை அருகில் வைத்துக்கொண்டு நோய் வரலாறு கேட்பது இன்றும் பயனற்றது.) ஆலிஸ் ஹாமில்டன் வாதாடவில்லை. திரும்பிச் சென்று, அவ்வாலையிலிருந்து கடும் ஈய நச்சுடன் மருத்துவமனைகளில் சேர்ந்த 22 பேரின் விவரங்களைத் திரட்டிக் கொணர்ந்தார். கோர்னிஷ் அவற்றை ஏற்றுக்கொண்டார். தூசியையும் புகையையும் அகற்றும் அமைப்புகளும், தொழிலாளர்களைப் பரிசோதிக்கும் மருத்துவர்களும் அந்நிறுவனத்தில் இடம்பெற்றதற்கு அப்பட்டியலே வழிவகுத்தது.

1911-இல் இல்லினாயில் தொழில் நோய்ச் சட்டம் நிறைவேறியது. ஈயம் முதலிய நச்சுகளைக் கையாள்வோருக்கு மாதந்தோறும் மருத்துவப் பரிசோதனையும், கண்டறியப்பட்ட நோயை அரசுக்குத் தெரிவிப்பதும் அதன்படி கட்டாயமாயின. அதே காலத்தில் அமெரிக்க மாநிலங்கள் ஒவ்வொன்றாகத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டங்களை இயற்றத் தொடங்கின. அவற்றுள் பல விபத்துக் காயத்தை மட்டுமே கருத்தில் கொண்டன. விபத்துக்கு நாளும் நேரமும் உண்டு. மெல்ல வரும் நோய்க்கு அவை இல்லை. மருத்துவரின் விளக்கம் தேவைப்படுவது அவ்விடத்தில்தான்.

1918-இல் இந்தியானாவின் பெட்ஃபோர்ட் சுண்ணாம்புக்கல் சுரங்கப் பகுதியில் அவர் மேற்கொண்ட ஆய்வு, அறிக்கை எழுதும் மருத்துவர்கள் தனியே கருத வேண்டிய ஒன்று. காற்றழுத்தச் சுத்தியலால் கல் செதுக்கியவர்களின் விரல்கள் குளிரில் வெளுத்து மரத்துப் போயின. உளியைப் பிடித்த இடக்கையில் இது மிகுதி. ஆனால் கை சூடேறியதும் விரல்கள் இயல்பு நிறத்தை அடைந்துவிடும். வெதுவெதுப்பான அறையில் பரிசோதிக்கும் மருத்துவர் எதையும் காணமாட்டார். ஆகவே ஆலிஸ் ஹாமில்டன் குளிர்காலத்தில் அங்கே சென்று, காலைக் குளிரில் அவர்களைப் பரிசோதித்தார். வெளுத்த பகுதியும் இயல்பான பகுதியும் கோடு கிழித்தாற்போலப் பிரிந்திருந்ததைக் கண்டு பதிவு செய்தார். அக்கருவியைப் பயன்படுத்தாத கல் தொழிலாளர்களோடும் ஒப்பிட்டார். கருவியின் அதிர்வு, குளிர், இறுகப் பிடித்தல் ஆகிய மூன்றையும் காரணங்களாகக் காட்டினார். உங்கள் அறிகுறி சில வேளைகளில் மட்டும் தோன்றுவதாயின், அது எப்போது, எந்தச் சூழலில் தோன்றுகிறது என்று குறித்து வைத்து மருத்துவரிடம் காட்டுங்கள். பரிசோதனை நேரத்தில் தென்படவில்லை என்பது பாதிப்பே இல்லை என்பதாகாது. அவ்வேறுபாட்டை அறிக்கை தெளிவாகச் சொல்ல வேண்டும்.

1919-இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகம் அவரைத் தொழில்சார் மருத்துவத்தில் உதவிப் பேராசிரியராக நியமித்தது. அங்கே ஆசிரியப் பணியேற்ற முதல் பெண் அவரே. எனினும் பட்டமளிப்பு ஊர்வலத்தில் அவருக்கு இடமளிக்கப்படவில்லை. 1935-இல் ஓய்வு பெறும் வரை அவர் உதவிப் பேராசிரியராகவே இருந்தார்.

ஓய்வுக்குப் பின்னர், 1937-38-இல் பென்சில்வேனியாவின் விஸ்கோஸ் ரேயான் ஆலைகளைப் பற்றிய ஆய்வை நடத்தினார். அங்கே பயன்படுத்தப்பட்ட கார்பன் டைசல்பைடு நரம்புகளையும் மனநிலையையும் பாதிக்கக்கூடியது. அத்தொழிலில் இருந்த சிலர் மனநல மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டிருந்தும், நோய்க்கும் வேலைக்கும் உள்ள தொடர்பு கவனிக்கப்படாமல் இருந்தது. தொழிலாளர்கள் ஆலைக்கு வெளியே பரிசோதிக்கப்பட்டனர். நரம்பியல் வல்லுநர், மனநல மருத்துவர், கண் மருத்துவர் ஆகியோர் தனித்தனியே தத்தம் கண்டறிதல்களை எழுதினர். மனநோய் எனத் தனித்து நின்ற குறிப்பு, கால் நரம்புத் தளர்ச்சியோடும் கண் குறைபாட்டோடும் ஒரே தாளில் சேர்ந்தபோது, அது நஞ்சின் விளைவு என்பது புலப்பட்டது.

ஆலிஸ் ஹாமில்டன் 1970 செப்டம்பர் 22 அன்று கனெக்டிகட் மாநிலத்தின் ஹாட்லைம் என்னும் ஊரில் தம் 101-ஆம் வயதில் காலமானார்.