பேராசிரியர் கெமெனி

கதர் இயக்க நாட்களில், தன் நூலைத் தானே நூற்கும் பெருமையைத் தமிழகத்துக்குக் காட்டிய ஊர் திருப்பூர். இன்று அவ்வூரில் கம்ப்யூட்டர் ஏவப் பின்னல் யந்திரங்கள் துணியில் கோலமிடுகின்றன. துணியை அறிந்தவர் ஒருவர், யந்திரத்துக்குக் கட்டளை எழுதுபவர் வேறொருவர் என்ற நிலையும் உண்டு. இப்பிரிவினையை நீக்க உழைத்த ஜான் கெமெனியின் சரித்திரத்தை நம்மவர் அறிதல் நலமென எண்ணுகிறோம்.

1926-ல் புடாபெஸ்ட் நகரில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தவர். நாஜிக் கொடுமைக்கு அஞ்சிய பெற்றோருடன் 1940-ல் அமெரிக்கா சேர்ந்தார். உடன்வர மறுத்த பாட்டனார் மாண்டார். 1945-ல் லாஸ் அலமாஸ் அணுகுண்டு நிலையத்தில் கணக்கு வேலைக்கு அனுப்பப்பட்டார். அக்கணக்கின் பயனை நினைக்க நெஞ்சு நடுங்குகிறது. துளையட்டை யந்திரங்களை இரவு பகலாய் ஓட்டியும் ஒரு சமன்பாட்டுக்கு வாரக்கணக்காயிற்று. பிறகு ஐன்ஸ்டைனுக்குக் கணித உதவியாளராயிருந்தார்.

1957-ல் வந்த பார்ட்ரன் பாஷையால் விஞ்ஞானிகள் தம் சூத்திரங்களைத் தாமே எழுத முடிந்தது. ஆயினும் அட்டைகளைக் கொடுத்துவிட்டு விடைக்குக் காத்துக் கிடந்தனர். ஒரு புள்ளி தவறினால் மறுபடியும் காத்திருப்பு. டார்ட்மத் கல்லூரியில் கெமெனியும் தாமஸ் கர்ட்ஸும் எளிய ஆங்கிலச் சொற்களாலான பேஸிக் பாஷையை வகுத்தனர். 1964 மே 1 விடியற்காலை 4 மணிக்கு அது முதன்முதல் ஓடிற்று. ஒரே யந்திரத்தைப் பலர் ஏககாலத்தில் ஆண்டனர். பிழையை உடனுக்குடன் திருத்தினர். அப்பாஷையை விலையின்றி உலகுக்கு விட்டனர்.

கெட்ட பழக்கம் ஊட்டுகிறதெனப் பண்டிதர் சிலர் அதைக் கண்டித்தனர். அதில் நியாயம் இல்லாமலில்லை. 1970 முதல் 1981 வரை கல்லூரித் தலைவராயிருந்த காலத்திலும் கெமெனி வகுப்பெடுப்பதை விடவில்லை. 1992 டிசம்பர் 26-ல் காலமானார்.