அபின் குன்றின் காவலர் லெப்டினன்ட் அட்னான்

நம் வீடுகளில் பிள்ளைக்கு இந்தப் பெயரை வைத்தால் அரபு உச்சரிப்பை ஒட்டி அத்னான் என்று எழுதுவோம். ஆனால் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இப்பெயரைச் சொன்னதும் நினைவுக்கு வருபவர் ஒருவரே. ஆகவே இந்நாட்டு மக்கள் அழைப்பதைப் போலவே நாமும் அட்னான் என்றே எழுதுகிறோம்.

அட்னான் பின் சைடி 1915ஆம் ஆண்டு சிலாங்கூரில் காஜாங்கை அடுத்த சுங்கை ராமாலில் பிறந்தார். வீட்டுக்கு மூத்த பிள்ளை. படிப்பு முடிந்ததும் ஓராண்டுக்கும் மேலாக ஆசிரியராகப் பணியாற்றினார். அக்காலத்தில் கம்பத்தில் ஆசிரியர் என்றால் ஊரே எழுந்து மரியாதை செய்யும். அந்த வேலையை விட்டுவிட்டு 1933இல் அவர் பட்டாளத்தில் சேர்ந்தார்.

மலாய்க்காரர்கள் கட்டுப்பாடான ராணுவத்துக்கு ஒத்துவருவார்களா என்ற ஐயம் ஆங்கிலேயருக்கு வெகுநாள் இருந்தது. எனவே 1933 மார்ச் முதல் தேதி போர்ட் டிக்சனில் வெறும் 25 பேரைக் கொண்டு, சோதனை முயற்சி என்ற பெயரிலேயே மலாய் ரெஜிமென்டைத் தொடங்கினார்கள். அந்த ஐயத்தைத் தீர்த்து வைத்தவர்களில் அட்னானும் ஒருவர். சேர்ந்த மறு ஆண்டே சிறந்த பயிற்சி வீரராகத் தேர்வு பெற்றார். 1936இல் சார்ஜென்ட். 1937இல் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டு விழா அணிவகுப்புக்காக லண்டன் அனுப்பப்பட்டார். மறு ஆண்டு ஓர் ஆசிரியையை நிக்காஹ் செய்தார். 1941இல் சிங்கப்பூரில் அதிகாரிப் பயிற்சியை முடித்து இரண்டாம் லெப்டினன்ட் ஆனார். முதலாம் பட்டாளியனில் 'சி' கம்பெனியின் ஏழாவது பிளாட்டூன் அவர் பொறுப்பில் வந்தது.

1941 டிசம்பர் 8இல் கோத்தா பாருவில் கரையிறங்கிய ஜப்பானியர், இரண்டே மாதங்களில் சிங்கப்பூருக்குள் வந்துவிட்டனர். குடும்பத்தைக் காஜாங்குக்கு அனுப்பிவிட்டு அட்னான் பாசிர் பாஞ்சாங் மேட்டில் நின்றார். பிப்ரவரி 13 முழுவதும் அங்கே சண்டை. அன்றிரவு 'சி' கம்பெனி புக்கிட் சண்டுவுக்கு நகர்ந்தது. சண்டு என்றால் அபின் என்பதை நம் மூத்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. குன்றின் அடிவாரத்தில் அபின் ஆலை இருந்ததால் வந்த பெயர் அது. நார்மன்டன் கிடங்கிலிருந்து கசிந்த எண்ணெய் பெரிய கால்வாயில் தீப்பிடித்து எரிந்துகொண்டிருந்தது. பின்வாங்க நினைத்தாலும் அந்த வழி அடைபட்டிருந்தது.

பிப்ரவரி 14 பிற்பகலில் தலைப்பாகை கட்டிய பஞ்சாபிப் படையினர் போல ஓர் அணி குன்றை நோக்கி வந்தது. நம்மவர்கள்தானே என்று விட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் ஆங்கிலேயப் பயிற்சி பெற்றவர்கள் மூவர் மூவராக நடப்பார்கள்; வந்தவர்களோ நால்வர் நால்வராக நடந்து வந்தார்கள். அணிவகுப்பிலேயே வளர்ந்த அட்னானின் கண்ணுக்கு அது தப்பவில்லை. அருகே வரும்வரை காத்திருந்து சுட உத்தரவிட்டார். வேடமிட்ட ஜப்பானியரின் முன்வரிசை சரிந்தது. எஞ்சியோர் பின்வாங்கினர்.

இந்த நிகழ்ச்சியைச் சிலர் தந்திரக்கதை போல் சொல்லிச் சிரிப்பதுண்டு. நமக்கு அதில் சிரிப்பு வருவதில்லை. உண்மையிலேயே இந்திய வீரர்களாக இருந்திருந்தால் என்ற எண்ணம் அவருக்கும் ஒரு நொடி வந்திருக்கும்தானே? பாதங்களின் வரிசை ஒன்றை மட்டும் நம்பி அந்த முடிவை எடுத்தார்.

சுமார் இரண்டு மணி நேரத்தில் ஜப்பானியர் பெரும்படையோடு மீண்டும் ஏறி வந்தனர். குண்டுகளும் கையெறி குண்டுகளும் தீர்ந்தபின் கத்திமுனையிலும் கைகலப்பிலும் சண்டை நடந்தது. கம்பெனித் தலைவர் கேப்டன் ரிக்ஸ் மாண்டார். படுகாயம் பட்டும் அட்னான் இயந்திரத் துப்பாக்கியை விடவில்லை. தம் ஆட்களைக் கடைசிவரை போராடும்படி ஊக்கப்படுத்திக்கொண்டே இருந்தார். பிடிபட்டபின் போர்க்கைதியாக நடத்தப்படவில்லை. துப்பாக்கிக் கத்தியால் குத்திக் கொன்றார்கள். உடலை மரத்தில் தொங்கவிட்டதாகவும் சொல்லப்படுகிறது. பிணங்களுக்கு நடுவே கிடந்து உயிர் தப்பிய கார்ப்பரல் யாக்கோபு போன்றவர்களால்தான் அந்தக் கடைசி நேரம் வெளியே தெரிந்தது. மறுநாள், பிப்ரவரி 15 மாலை, சிங்கப்பூர் சரணடைந்தது.

ஆங்கிலேய அரசின் உச்ச வீரப்பதக்கமான விக்டோரியா சிலுவை அவருக்கு வழங்கப்படவில்லை. தோல்வியில் முடிந்த போரில் பதக்கத்துக்குச் சாட்சி சொல்ல அதிகாரிகள் எஞ்சுவதில்லை என்பது நம் கருத்து. அவருக்கு மகுடம் சூட்டியது மக்கள்தான். 2000இல் மலேசியாவில் அவர் வாழ்க்கை திரைப்படமாக வந்தது.

குடும்பம் கொடுத்த விலையைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. கடற்படையில் இருந்த தம்பியும் அதே போரில் இறந்தார். சிங்கப்பூர் வீழ்ந்த சிறிது காலத்தில் அட்னானின் கைக்குழந்தையான மகளும் மறைந்தாள். மனைவி 1949இல் காலமானார். இரண்டு ஆண் பிள்ளைகள் தாயும் தந்தையும் இன்றி வளர்ந்தார்கள்.

அவருக்குக் கப்ரு கிடையாது. உடல் கிடைக்கவில்லை. கிராஞ்சிப் போர் நினைவிடத்தில் பெயர் மட்டும் பொறிக்கப்பட்டிருக்கிறது. நம் உறுப்பினர்களில் பலர் பாசிர் பாஞ்சாங் வழியாகவே நாள்தோறும் வேலைக்குப் போய் வருகிறவர்கள். பெப்பிஸ் சாலையில் மேடேறிப் போனால், பழைய பங்களா ஒன்றில் 2002இல் திறக்கப்பட்ட நினைவுக்கூடம் இருக்கிறது. பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள், குன்றின் மேலிருந்து அந்தச் சாலையை ஒருமுறை காட்டுங்கள்.