அமைதி தேடிய ஆக்ஸ்போர்டு மாணவர்

மேற்படிப்புக்கு வெளிநாடு செல்லும் மாணவர்கள் விடைபெற வரும்போது கட்டணம், விசா, உணவு என்று அனைத்தையும் விசாரித்து முடித்திருப்பார்கள். அமர்ந்து படிக்க அமைதியான இடம் கிடைக்குமா என்று கேட்டவர் மிகச் சிலரே. அப்போதெல்லாம் ஆர்தர் ஆஸ்பர்ன் என் நினைவுக்கு வருவார். அந்த இடத்துக்காகவே எதிர்த்திசையில் பயணித்துத் திருவண்ணாமலையை அடைந்தவர் அவர்.

1906இல் லண்டனில் பிறந்த ஆஸ்பர்ன், ஆக்ஸ்போர்டில் வரலாறு பயின்றார். பேராசிரியப் பதவிக்கான பாதை திறந்திருந்தும் அதில் அவருக்கு நாட்டமில்லை. போலந்தில் ஆசிரியராக இருந்தபோது லூசியாவை மணந்தார். பின்னர் பாங்காக்கின் சூலலாங்கோர்ன் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளரானார்.

1941இல் விடுப்பில் குடும்பத்துடன் இந்தியா வந்தார். மனைவியும் மூன்று குழந்தைகளும் திருவண்ணாமலையில் தங்க, அவர் மட்டும் பாங்காக் திரும்பினார். டிசம்பரில் ஜப்பானியப் படை சயாமுக்குள் நுழைந்தது. போர் முடியும்வரை அவர் தடுப்பு முகாமில் கைதி. பலரும் நெருக்கியடித்து வாழும் முகாமில் தனிமைக்கு ஏது இடம்? ஆயினும், ரமண மகரிஷியை நேரில் காணாமலேயே மனத்தில் குருவாக வரித்துக்கொண்டது அங்கேதான்.

அந்த ஆண்டுகளில் அந்நிய ஊரொன்றில், கணவரின் கதி தெரியாமல் மூன்று குழந்தைகளை லூசியா தனியாக வளர்த்தார். ஒருவர் அமைதியாகப் படிக்க வேண்டுமானால் அதற்கான செலவை இன்னொருவர் சுமக்கிறார். அந்த உழைப்பை எங்கள் பொருளியல் கணக்கேடுகள் எதுவும் பதிவு செய்வதில்லை. அப்பிள்ளைகளுள் ஒருவரான ஆடம், தமிழ் பேசி வளர்ந்தவர். 1981இல் கையோடு எடுத்துச் செல்லத்தக்க ‘ஆஸ்பர்ன் 1’ கணினியை உலகுக்கு அளித்தவர் அவர்தான்.

1945இல் ஆஸ்பர்ன் திருவண்ணாமலை வந்து சேர்ந்தார். எவரும் நுழையலாம், பேச வேண்டிய கட்டாயமில்லை என்றிருந்த ரமணரின் கூடம் அவருக்கு வாய்த்தது. ஆனால் கூடம் சம்பளம் தராதே! குடும்பத்தைக் காக்கச் சென்னையில் நாளிதழ்ப் பணிக்கும், பிறகு கல்கத்தாவில் பள்ளி முதல்வர் பணிக்கும் போக நேர்ந்தது. தேடிக் கண்டடைந்த இடத்தை விட்டுப் பிழைப்புக்காக வெளியேறுவது எத்தகைய வேதனை என்பதை, ஆய்வேட்டைப் பாதியில் நிறுத்திவிட்டு வேலைக்குப் போன எவரும் அறிவர். ரமணரின் வாழ்வையும் உபதேசத்தையும் பற்றி அவர் எழுதிய புகழ்பெற்ற ஆங்கில நூல் 1954இல் வெளிவந்தது. அமைதி கிடைத்த பிறகே எழுதுவேன் என்று அவர் காத்திருக்கவில்லை.

ஐம்பதுகளின் இறுதியில் மலையடிவாரத்துக்கே திரும்பினார். 1964 ஜனவரியில் ‘மவுன்டன் பாத்’ காலாண்டிதழைத் தொடங்கினார். 1970 மே 8 அன்று மறைந்தார். அவரது வீட்டுத் தோட்டத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். இதழின் ஆசிரியப் பொறுப்பை அடுத்து ஏற்றவர் லூசியா.