அம்மைப் பாலும் எல்லீசரும்

தமிழுக்குத் தொண்டு செய்த மேனாட்டார் என்றதும் வீரமாமுனிவர், போப்பையர், கால்டுவெல் ஆகியோர் நம் நினைவுக்கு வருவர். அவ்வரிசையில் வைத்துப் போற்றத்தக்க மற்றொருவர் எல்லீசர் எனத் தமிழர் அழைத்த பிரான்சிஸ் வைட் எல்லிஸ். அவர் உயிர் நீத்தது நம் இராமநாதபுரத்தில்.

1777ஆம் ஆண்டு பிறந்த எல்லீசர், 1796இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவலராகச் சென்னைக்கு வந்தார். அதே ஆண்டில்தான் இங்கிலாந்தில் எட்வர்டு ஜென்னர் என்ற மருத்துவர், மாட்டம்மைப் பாலை ஒரு சிறுவனின் கையில் குத்தி, பெரியம்மை அவனை அணுகாமல் காக்கலாம் என்று கண்டறிந்தார்.

அந்த அம்மைப் பால் 1802இல் பம்பாயை அடைந்தது. நெடும் பயணத்தில் அது வெப்பத்தால் கெட்டுவிடும். ஆகவே ஒருவர் கையில் எழுந்த கொப்புளத்திலிருந்து பாலெடுத்து அடுத்தவர் கையில் குத்தி, கைக்குக் கை மாற்றியே கொண்டுவந்தனர். பின்னர் அது சென்னை மாகாணத்திலும் பரவியது.

ஆனால் மக்கள் அஞ்சினர். அம்மை தெய்வத்தின் வருகை. அதைத் தடுப்பது தெய்வக் குற்றமாகாதா? வேற்றுச் சாதியார் உடலிலிருந்து எடுத்த பாலை ஏற்கலாமா? இவ்வாறு தயங்கினர்.

எல்லீசர் அவர்களை அறிவிலிகள் என்று இகழவில்லை. அதிகாரம் காட்டி மிரட்டவுமில்லை. அவர்கள் மொழியிலேயே விளக்க முற்பட்டார். அன்னை சக்தியும் தேவ மருத்துவர் தன்வந்திரியும் உரையாடுவதாகத் தமிழில் ஒரு நூல் இயற்றினார். பசு தரும் ஐந்து பொருள்களாகிய பஞ்சகவ்வியத்தோடு, அம்மைப் பாலும் அதே பசு உலகுக்கு அளித்த கொடை என்பது அதன் கருத்து. புதிதாகப் புனைந்த கதையைத் தெய்வ வாக்காகக் காட்டலாமா என்று கேட்போர் உண்டு. அது நியாயமான கேள்வியே. எனினும் ஊசிக்கு முன்னே நம்பிக்கை செல்லவேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

1810இல் அவர் சென்னையின் கலெக்டரானார். 1812இல் சென்னைக் கல்விச் சங்கம் தோன்றக் காரணமாக இருந்தார். தென்னிந்திய மொழிகள் தனிக்குடும்பம் என்பதைக் கால்டுவெல்லுக்கு நாற்பது ஆண்டுகள் முன்பே, 1816இல், எடுத்துக்காட்டினார். திருக்குறளுக்கு ஆங்கிலத்தில் விளக்கம் எழுதினார். 1818இல் சென்னையில் தண்ணீர்ப் பஞ்சம் வந்தபோது 27 கிணறுகள் வெட்டுவித்தார்.

1819 மார்ச் மாதம் இராமநாதபுரத்தில் இருந்தபோது எல்லீசர் காலமானார். தவறுதலாக நஞ்சு உட்கொண்டதே காரணம் என்பர். அப்போது அவருக்கு வயது நாற்பதைச் சற்றே கடந்திருந்தது. எழுதி முடியாத ஏடுகள் பல அவரோடு மறைந்தன.

அவர் எதிர்த்த பெரியம்மையும் இன்று மறைந்துவிட்டது. இந்தியாவில் 1975இல் அது ஓய்ந்தது. 1980இல் உலகம் முழுவதிலும் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. ஆயினும் ஊசியைப் பற்றிய அச்சம் ஒழியவில்லை. ஆண்டுக்காண்டு உருமாறும் குளிர்காய்ச்சல் கிருமிக்கு ஆண்டுதோறும் புதிய தடுப்பூசி வருகிறது. அதைப் போட்டுக்கொள்ள நம் பாட்டிமார் இன்றும் தயங்குகின்றனர்.

தோழியரே! அவர்களைப் பார்த்து நகைக்காதீர். அருகில் அமர்ந்து, அவர்கள் அஞ்சுவது எதற்கென்று கேளுங்கள். அவர்களுக்குப் புரியும் சொல்லில், உண்மையைப் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். எல்லீசருக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவேயாகும்.