வேதநாயகம் சாமுவேல் அசரியா

வேதநாயகம் சாமுவேல் அசரியா (ஆகஸ்ட் 17, 1874 – ஜனவரி 1, 1945) ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆவார். திருநெல்வேலிச் சீமையில் பிறந்த இவர், அன்றைய ஐதராபாத் நிசாமின் ஆட்சிப்பகுதியில் இருந்த தோர்ணக்கல் மறைமாவட்டத்தை 1912 முதல் இறக்கும் வரை வழிநடத்தினார். இந்திய மிஷனெரி சங்கத்தையும் தேசிய மிஷனெரி சங்கத்தையும் நிறுவியவர்களுள் ஒருவர். ஆறு பிள்ளைகளின் தந்தை. இவரது பொதுவாழ்வைப் பற்றி விரிவாக எழுதப்பட்டிருக்கும் அளவுக்கு இவரது இல்லறம் பற்றி எழுதப்படவில்லை. எனினும் இவருடைய பணியின் போக்கை அதைத் தவிர்த்துவிட்டுப் புரிந்துகொள்ள முடியாது.

பின்னணி

19ஆம் நூற்றாண்டின் திருநெல்வேலி மாவட்டம் இன்றைய அளவினதன்று. தெற்கே செம்மணல் தேரியும் பனங்காடுகளும், வடக்கே கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி என விரியும் கரிசல் பூமியும் அதில் அடங்கியிருந்தன. (சாத்தூரும் சிவகாசியும் 1910இல் இராமநாதபுரம் மாவட்டம் அமைக்கப்பட்டபோது பிரிந்தன.) தெற்கில் ஊர் ஊராகக் கிறித்தவர்கள் பெருகி, கோயிலும் பள்ளியும் எழுந்தன. பருத்தியும் கம்பும் சோளமும் விளைந்த, வானம் பார்த்த கரிசலில் நிலைமை வேறு. அங்கே சபைகள் மிகச் சிலவே.

கரிசலில் பணியாற்ற 1854இல் தாமஸ் ராக்லண்டு என்னும் ஆங்கிலேயக் குரு கூடாரங்களோடு புறப்பட்டார். ஓரிடத்தில் தங்காமல் ஊர்விட்டு ஊர் செல்வதே அவர் கைக்கொண்ட முறை. தென்பகுதிச் சபைகள் தங்கள் உபதேசியார்களை முறைவைத்து அவருக்கு உதவியாக அனுப்பி, செலவையும் ஏற்றன. ராக்லண்டு மணம் செய்துகொள்ளாதவர். 1858இல் சிவகாசியில் காலமானார். தமிழ்ச் சபைகள் தம் ஊருக்கு அப்பால் நடக்கும் பணிக்குத் தம் காசைச் செலவிட்ட தொடக்ககால நிகழ்வுகளுள் இது ஒன்று. அசரியா பிற்காலத்தில் செய்ததற்கு இதுவே முன்னோடி எனலாம். ஆனால் ராக்லண்டின் கூடாரத்தில் குடும்பம் இல்லை. அசரியாவின் கூடாரத்திற்குப் பின்னால் ஒரு குடும்பம் வந்தது.

இளமை

அசரியா தேரிப்பகுதியில் உள்ள வெள்ளாளன்விளையில் பிறந்தார். தந்தை தாமஸ் வேதநாயகம் அவ்வூர்ச் சபையின் குரு. இளமையில் வேலாயுதம் என்ற பெயரோடிருந்து கிறித்தவரானவர். தாய் எலன். நெடுநாள் மகப்பேற்றுக்காக வேண்டிப் பெற்ற மகன் என்பதால், விவிலியத்தில் அன்னாள் தன் மகன் சாமுவேலைக் கோயிலுக்கு ஒப்படைத்ததுபோல இவரையும் இறைப்பணிக்கென்றே தாய் வளர்த்தார். 1889இல் தந்தை இறந்தார். அதன்பின் மகனின் வளர்ப்பு முழுவதும் தாயின் பொறுப்பாயிற்று. கண்டிப்பு மிகுந்தவர் என்று எலனைப் பற்றிக் கூறுவர்.

மெய்ஞ்ஞானபுரத்திலும் திருநெல்வேலியிலும் படித்த பின்னர் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கணிதம் பயின்றார். நோய் காரணமாக இறுதித் தேர்வை எழுதாததால் பட்டம் பெறவில்லை. பிற்காலத்தில், 1920இல், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் இவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கியது. 1895இல் இளைஞர் கிறித்தவ சங்கத்தின் (ஒய்.எம்.சி.ஏ.) செயலாளராகி, தென்னிந்தியா முழுவதும் சுற்றினார்.

திருமணம்

1898இல் அன்பு மரியம்மாள் சாமுவேலை மணந்தார். தென்னிந்தியக் கிறித்தவப் பெண்களுள் கல்லூரிக் கல்வி பெற்ற முதல் சிலருள் அன்புவும் ஒருவர். படித்த மாப்பிள்ளைக்குப் பெருந்தொகை வரதட்சணை கேட்பது அன்றைய திருநெல்வேலிக் கிறித்தவக் குடும்பங்களிலும் வழக்கமாக இருந்தது. ஞானஸ்நானம் பெற்று இரண்டு, மூன்று தலைமுறை ஆனபின்னும் இவ்வழக்கம் மாறவில்லை. அசரியா வரதட்சணை வாங்க மறுத்தார். திருமணச் செலவையும் குறைத்துக்கொண்டார். குருவின் மகன், சங்கச் செயலாளர் என்ற நிலையில் இருந்தவர் இதைச் செய்தது சுற்றத்தார்க்கு உவப்பாக இருந்திருக்காது. மேடையில் பேசுவதை முதலில் தன் வீட்டில் செய்து காட்டுதல் என்ற இவருடைய வழக்கம் இங்கேயே தொடங்குகிறது.

இத்தம்பதியருக்கு நான்கு ஆண்மக்களும் இரண்டு பெண்மக்களும் பிறந்தனர்.

இந்திய மிஷனெரி சங்கம்

1902இல் அசரியா யாழ்ப்பாணம் சென்றார். அங்குள்ள தமிழ்க் கிறித்தவர்கள் தாமே பணம் திரட்டிப் பிற இடங்களுக்குப் பணியாளரை அனுப்புவதைக் கண்டார். எண்ணிக்கையிலும் வசதியிலும் மிஞ்சிய திருநெல்வேலிச் சபை அவ்வாறு செய்யாதது அவரை உறுத்தியது. 1903 பெப்ரவரியில் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கப்பட்டது. இந்தியப் பணம், இந்தியப் பணியாளர், இந்திய நிருவாகம் என்பது அதன் கொள்கை. பணம் பெரும்பாலும் சிறுதொகைகளாகவே சேர்ந்தது. சமைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியை ஒதுக்கிவைத்துச் சபைக்குக் கொடுப்பது திருநெல்வேலிக் கிறித்தவப் பெண்களின் வழக்கம். இதைப் பின்னாளில் அசரியா தெலுங்கு நாட்டிலும் பரப்பினார். சங்கம் தோர்ணக்கல்லைச் சூழ்ந்த பகுதியைத் தன் பணிக்களமாகத் தெரிந்துகொண்டது. 1905இல் செராம்பூரில் தேசிய மிஷனெரி சங்கம் உருவானபோதும் இவர் முன்னின்றார்.

தோர்ணக்கல்

பிறரை அனுப்பிக்கொண்டிருப்பது போதாது, தாமே போகவேண்டும் என்று அசரியா முடிவு செய்தார். 1909இல் குருப்பட்டம் பெற்றுத் தோர்ணக்கல்லுக்குச் சென்றார். அப்போது அவருக்கு வயது 35. நல்ல பதவியையும் இந்தியா முழுவதும் அறிந்த பெயரையும் விட்டுவிட்டு, மொழி தெரியாத ஊரில் தொடக்கத்தில் கூடாரத்தில் தங்கிப் பணியாற்றினார். தெலுங்கைக் கற்றுக்கொண்டார். சிறு பிள்ளைகளோடு அன்புவும் தமிழ்நாட்டை விட்டு அங்கே குடியேறினார்.

1910இல் எடின்பரோ உலக மிஷனெரி மாநாட்டில் அசரியா ஆற்றிய உரை பெரும் பரபரப்பை உண்டாக்கியது. வெள்ளைக்கார மிஷனெரிமார் இந்தியருக்காக உடலையும் உடைமையையும் கொடுக்கிறார்கள், ஆனால் அவர்களைத் தம் நண்பர்களாகச் சமமாக உட்காரவைப்பதில்லை என்பதே அவ்வுரையின் சாரம். 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தா புனித பவுல் பேராலயத்தில் பேராயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். மறைமாவட்டம் ஒன்றின் தலைமையில் இருந்த ஒரே இந்திய ஆங்கிலிக்கன் பேராயராக இறுதிவரை அவரே இருந்தார்.

மக்களுள் மிகப்பெரும்பாலோர் மாலா, மாதிகா சாதியினர், நிலமற்ற கூலிகள். அழுக்கு, நோய், கடன், குடி ஆகிய நான்கையும் ஊர்தோறும் சென்று எதிர்ப்பதைப் பேராயரின் வேலையாகவே அசரியா கொண்டார். ஞானஸ்நானம் பெறும் ஒவ்வொருவரும் தம் தலையில் கைவைத்து, நற்செய்தியை அறிவிக்கும் கடமை தமக்கும் உண்டென உறுதிகூற வேண்டும் என்ற வழக்கத்தை ஏற்படுத்தினார். 1930களின் நடுவில் மறைமாவட்டத்தில் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட கிறித்தவர்கள் இருந்தனர்.

அன்பு அசரியாவின் பணி

பேராயரின் நாட்களில் பெரும்பகுதி சுற்றுப்பயணத்தில் கழிந்தது. வீடும் ஆறு பிள்ளைகளும் அன்புவின் பொறுப்பில் இருந்தன. அவர் அதோடு நிற்கவில்லை. தோர்ணக்கல் இறையியல் பள்ளியில் மாணவர்கள் மனைவியரோடு வந்து தங்கிப் படிப்பதே முறை. கிராமத்தில் ஆசிரியராகப் போகும் கணவன் மட்டும் கற்றிருந்து மனைவி எழுத்தறியாதவளாக இருந்தால் அவ்வூர்ப் பெண்களுக்கு ஒன்றும் எட்டாது என்பது காரணம். இம்மனைவியரின் கல்வியில் அன்பு ஈடுபட்டார். அன்னையர் சங்கத்தை (மதர்ஸ் யூனியன்) அம்மறைமாவட்டத்தில் வளர்த்தவரும் அவரே. கிராமங்களில் கிறித்தவம் ஞாயிற்றுக்கிழமைக் கோயிலோடு நின்றுவிடாமல் அடுப்பங்கரைக்கும் தொட்டிலுக்கும் வந்து சேர்ந்ததில் இச்சங்கத்தின் பங்கு பெரிது. அசரியாவின் வரலாற்றை எழுதுவோர் இப்பகுதியை ஓரிரு வரிகளில் கடந்துவிடுவது நியாயமன்று.

காந்தியுடன் கருத்து வேறுபாடு

அசரியா தேசியப் பற்றுடையவர். இந்தியக் கிறித்தவர்களுக்குத் தனித் தொகுதிகள் வேண்டாம் என்று வாதிட்டார். அது தம் சமூகத்தைப் பிற இந்தியரிடமிருந்து பிரித்துவிடும் என்பது அவர் அச்சம். ஆயினும் 1930களில் ஒடுக்கப்பட்டோரின் கூட்டு மதமாற்றத்தைக் காந்தி கடுமையாக எதிர்த்தபோது இருவரும் எதிரெதிரே நின்றனர். மதம் மாறும் உரிமையை அம்மக்களிடமிருந்து எவரும் பறிக்கலாகாது என்பதில் அசரியா அசையவில்லை. இவ்விவாதம் இன்றும் முடியவில்லை.

பேராலயமும் இறுதிக்காலமும்

தோர்ணக்கல் பேராலயம் 1939 ஜனவரி 6 அன்று அர்ப்பணிக்கப்பட்டது. மேனாட்டுக் கோதிக் பாணியைத் தவிர்த்து, இந்துக் கோயில்களின் தூண்களையும் மசூதிகளின் குவிமாடத்தையும் ஒத்த வடிவில் அது எழுப்பப்பட்டது. அதைக் கட்டி முடிக்கப் பல ஆண்டுகள் ஆயின. வறிய கிராம மக்களின் காணிக்கையும் அதில் சேர்ந்துள்ளது.

1919இல் தரங்கம்பாடியில் கூடிய திருச்சபை ஒன்றிப்பு மாநாட்டில் முதன்மையானவர்களுள் ஒருவராக இருந்த அசரியா, அதற்கென 25 ஆண்டுகள் உழைத்தார். 1945 ஜனவரி 1 அன்று தோர்ணக்கல்லில் காலமாகி அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27 அன்று தொடங்கப்பட்டது. தோர்ணக்கல் அதன் மறைமாவட்டங்களுள் ஒன்றாயிற்று.